ரியோ மாயோவில் கால் கிலோ பருப்பு

மூன்று நாளாய் உருளைக்கிழங்கு.
நான்காம் நாள் ஓட்டல்காரர் மனமிரங்கி
"இதில் இறைச்சியே இல்லை" என்று வைத்த தட்டில்
பன்றித் தொடை, மெல்லிய ரோஜாச் சுருளாக.
அவர் பொய் சொல்லவில்லை.
படகோனியாவில் இறைச்சி என்றால் மாடும் ஆடும்.
மற்றதெல்லாம் கிட்டத்தட்ட காய்கறி.

காற்றாலைக்கு இடம் பார்க்க வந்தவன்.
நாளெல்லாம் காற்றை அளப்பேன்.
காற்றாவது சைவம் என்றிருந்தேன்,
அதிலும் ஆட்டுக்கொழுப்பு கருகிக்கொண்டிருந்தது.

கடை ஐந்து மணிக்குத்தான் திறக்கும்.
அதுவரை ஊரே படுத்துத் தூங்குகிறது,
நாய்கள் உட்பட.
வாசலில் நின்று பெயர்ப்பலகை படித்தேன்.
'இயற்கை உணவு'.
பச்சைப் பெயின்டுக்கு அடியிலிருந்து
ஒரு மாட்டின் கொம்பு
இன்னும் முளைத்துக்கொண்டிருந்தது.

நேலிதா தூக்கம் கலையாத முகத்தோடு திறந்தாள்.
வெள்ளை ஓடு பதித்த சுவர்.
தரை நடுவே கழுவிவிட ஒரு துளை.
உத்தரத்தில் இரும்புக் கம்பி, வரிசையாய்க் கொக்கிகள்:
ஒன்றில் பூண்டுச் சரம்,
ஒன்றில் காய்ந்த புதினா,
கடைசிக் கொக்கியில் யாருடைய சைக்கிளோ.
கீழே சாக்குகளில் கொண்டைக்கடலை, ஓட்ஸ், சூரியகாந்தி விதை,
தோல் நீக்காத மசூர்ப் பருப்பு.
கையை உள்ளே விட்டேன், மணிக்கட்டு வரை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பாவின் கறிக்கடை இது.
சூப்பர்மார்க்கெட் வந்ததும் கறி படுத்துவிட்டது.
பருப்பு நிற்கிறது."
"நீங்களும் சைவமா?"
சிரித்தாள்.
"ஞாயிற்றுக்கிழமை இல்லை.
மற்ற நாளும் இல்லை."

பிறகு கேட்டாள்: "நீங்கள் ஏன்?"

இதற்கு விமானத்தில் ஒரு பதில் உண்டு, கருணை.
மருத்துவரிடம் ஒன்று, கொலஸ்ட்ரால்.
கருத்தரங்கில் ஒன்று, பூமி.
நாற்பது சொல் ஸ்பானிஷில்
அவ்வளவுக்கும் இடமில்லை.
"வீட்டில் அப்படி" என்றேன்.

சொல்லாதது:
வாடகைக்கு வீடு, சைவர்களுக்கு மட்டும்
என்று எங்கள் கேட்டில் தொங்கிய அட்டை
என் கையெழுத்து.
வகுப்பிலேயே அழகான கையெழுத்து எனக்குத்தான்.
உடன் படித்த சூசை வந்தான்,
படித்தான்,
சைக்கிளிலிருந்து இறங்காமலே திருப்பிக்கொண்டான்.

நேலிதா தராசைத் தட்டினாள்.
தட்டினால்தான் முள் பூஜ்யத்துக்கு வருமாம்.
மாடு நிறுத்த அதே தராசு.
கால் கிலோ பருப்பை ஏற்றதும் ஒரு கணம் ஆடி
நின்றது.
அதற்கு எல்லாமே எடைதான்.

"எதில் வேகவைப்பீர்கள்?"
"அறையில் கெட்டில் இருக்கிறது."
தலையில் அடித்துக்கொண்டு
உள்ளே போய் ஒரு பழைய பிளாஸ்க் எடுத்துவந்தாள்.
இரவு பருப்பைப் போடு, கொதிநீர் ஊற்று,
மூடு, தூங்கு.
காசு வாங்கவில்லை பிளாஸ்க்குக்கு.
பருப்புக்கு ஒரு பைசா குறைக்கவுமில்லை.

காலையில் கோமோதோரோ போகும் பேருந்து.
பக்கத்து இருக்கையில் எவாரிஸ்தோ,
கம்பளி கத்தரிக்கிற ஆள், முழங்கை வரை தழும்பு.
மடியில் மாத்தே இலை நிரம்பிய சுரைக்குடுவை,
அதில் உறிஞ்சுகுழல்.
இந்த நாட்டில் பிளாஸ்க் வைத்திருப்பவன்
வெந்நீர் வைத்திருப்பவன்.
உரிமையோடு எடுத்தார், திறந்தார், சாய்த்தார்.

மாத்தே இலைமேல்
குழைந்து விழுந்தது என் இரவு உணவு.

பேருந்து பத்துக் கிலோமீட்டர் ஓடியிருக்கும்
இருவரும் எதுவும் பேசாமல்.
பிறகு அவர் குழலை உருவி,
விரலால் ஒரு பருப்பை எடுத்து
வாயில் போட்டார்.
"உப்பு பத்தலை."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பு,
கறிக்கென்று கொண்டுபோகிற உப்பு.
காகிதத்தில் கொழுப்பின் கறை, ஜன்னல் வெயிலில்
கண்ணாடி மாதிரி.
என்னைக் கேட்காமலே பிளாஸ்கில் கொட்டினார்.

குலுக்கினேன்.
இருந்தது ஒரே மூடி.
நிறைத்து நீட்டினேன்.
முதலில் அவர்.
பிறகு, துடைக்காமல்,
நான்.